தாழியும் கல்லறையும்: புதைகலையில் மறுமை நம்பிக்கை

வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் கூடுமிடத்தில் அமைந்துள்ளது இருக்கன்குடி. ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமையன்று மாரியம்மன் கோவிலை நோக்கி நடந்து வரும் மக்கள் வெள்ளத்தால் இக்கரிசல் ஊரின் பெயர் தென்மாவட்டங்கள் எங்கும் அறியப்பட்டதாகும். ஆற்றின் போக்கை எதிர்த்து மேற்கே சென்றால் சாத்தூரும், அதற்கும் மேற்கே வெம்பக்கோட்டையும் உள்ளன. வெம்பக்கோட்டையை அடுத்த விசயகரிசல்குளத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 முதல் நடத்திய அகழாய்வில் சங்கு வளையல்களும், சுடுமண் உருவங்களும், பிள்ளைகள் விளையாடிய வட்டச்சில்லுகளும் வெளிவந்தன. வாழ்ந்தவர்களின் தடயங்கள் இவை. அதே வட்டாரம் இன்று பட்டாசுத் தொழிலின் வட்டாரமும் ஆகும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் நேரிட்ட வெடிவிபத்துகளை இப்பகுதியில் ஊழியம் செய்யும் எவரும் மறந்திருக்க இயலாது. ஆகவே, இறந்தோரை எவ்வாறு அடக்கம் செய்வது என்னும் வினா இப்பகுதியின் போதகருக்கு ஏட்டளவிலான வினா அன்று.

பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஓர் அடக்கத்தை இங்கே குறிப்பிடுதல் வேண்டும். பட்டாசுக் கொட்டகை ஒன்றில் மாண்ட இளம்பெண் அவள். பெட்டி மூடப்பட்டே வந்தது. முகம் பார்க்க ஒருவருக்கும் வாய்ப்பில்லை. ஜெபம் முடிந்து பெட்டியைக் குழியில் இறக்கும் வேளையில், தாயார் ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்து, பெட்டியின் மேல் அதை வைக்கும்படி கேட்டார். அதனுள் சோறு இருந்தது. "பிள்ளை காலையில் சாப்பிடாமல் போய்விட்டாள், ஐயா" என்பது மட்டுமே அவர் சொன்ன காரணம். சபை மூப்பர் ஒருவர், இது அஞ்ஞான வழக்கம் என்று தடுத்தார். போதகர் ஒன்றும் பேசவில்லை. தூக்குவாளி வீட்டிற்கே திரும்பியது. அதன் பின்னர் அத்தாயாரை ஆலயத்தில் காண்பது அரிதாயிற்று. அன்று அங்கியணிந்து குழியருகே பேசாமல் நின்றவர் நாமே.

மூப்பர் கூறியது கோட்பாட்டளவில் பிழையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் அன்று நாம் செய்தது சரிதானா என்னும் ஐயம் நம்மை விட்டு அகலவில்லை. இறந்தோருடன் பொருளை வைக்கும் வழக்கத்தின் பொருள் யாது, நம் முன்னோர் மண்ணாலும் உலோகத்தாலும் செய்த புதைகலை எதைச் சொல்ல முயன்றது, திருமறை அதற்கு என்ன மறுமொழி தருகின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தாழிகளின் சான்று

தமிழகத்துப் புதைகலையைக் குறித்து எண்ணும்போது முதலில் நினைவுக்கு வருவது தாமிரபரணியின் தென்கரையில், திருவைகுண்டத்திற்கு அண்மையில் உள்ள ஆதிச்சநல்லூர் ஆகும். 1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்பவர் இம்மேட்டைத் தோண்டிப் பொருள்களைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றார். பின்னர் இந்தியத் தொல்லியல் துறையைச் சார்ந்த அலெக்சாண்டர் ரீ, 1899-க்கும் 1905-க்கும் இடையே முறையான ஆய்வை மேற்கொண்டார். அவர் வெளிக்கொணர்ந்த பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. நூறாண்டு கழித்து, 2004-இல் தி. சத்தியமூர்த்தியின் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தபோது, சிறு பரப்பிலேயே 160-க்கும் மேற்பட்ட தாழிகள் அடுக்கடுக்காக வெளிப்பட்டன. ஏறத்தாழ 114 ஏக்கர் அளவுள்ள அம்மேடு முழுவதும் இறந்தோரின் ஊர் எனலாம்.

ஒரு தாழியின் அமைப்பை நோக்குவோம். வளர்ந்த மனிதனைக் குந்தவைத்த நிலையில் உள்ளே வைக்கும் அளவுக்கு அகன்ற சிவந்த மட்கலம் அது. தடித்த சுவர், குவிந்த அடி, கழுத்தைச் சுற்றிக் கயிறு போலத் தோன்றும்படி விரலால் அழுத்திய அணி, மேலே கவிழ்த்த மூடி. சிலவற்றில் முழு உடலின் எலும்புக்கூடு காணப்பட்டது. வேறு சிலவற்றில், முன்னரே வேறிடத்தில் கிடத்தப்பட்டுச் சதை நீங்கிய பின் பொறுக்கிச் சேர்க்கப்பட்ட சில எலும்புகள் மட்டுமே காணப்பட்டன. தாழியினுள்ளும் சுற்றிலும் சிறு கலங்களும், நெல், சிறுதானியங்களின் உமியும், துணியின் சுவடும் இருந்தன. இரும்பு வாள்களும் ஈட்டிகளும் இருந்தன. வெண்கலத்தில் எருமை, பறவை முதலிய உருவங்கள் அமைந்த அழகிய மூடிகளும் கலங்களும், சிறிய பெண் உருவமும் கிடைத்தன. நெற்றியில் கட்டுவதற்கான மெல்லிய பொற்பட்டங்களும் கிடைத்தன. 2004-ஆம் ஆண்டு அகழாய்வில் கிடைத்த ஒரு பானைத் துண்டில் பெண்ணுருவும், மானும், முதலையும், மீனைக் கவ்விய கொக்கும் ஒட்டுருவாக அமைக்கப்பட்டிருந்தன. ஆற்றங்கரை வாழ்வு முழுவதையும் ஒரு குயவர் சாவின் கலத்தில் பதித்து வைத்தார் போலும்.

ரீ கண்ட மற்றொரு செய்தி நம் கவனத்திற்குரியது. இரும்புக் கருவிகள் பெரும்பாலும் முனை கீழ்நோக்கிய நிலையில் இருந்தன. துக்கங்கொண்டாட வந்து சூழ நின்றோர் அவற்றை மண்ணில் குத்தி விட்டுச் சென்றனர் போலும் என்று அவர் கருதினார். இக்கருத்து சரியாயின், அக்கருவிகள் இறந்தவனின் பயணத்திற்கான கட்டுச்சாதனங்கள் மட்டும் அல்ல. குழியருகே நின்ற கைகளின் செய்கையும் அவற்றில் உறைந்திருக்கின்றது. அடக்கத்தில் நாம் ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் இடுவதை இது நினைவூட்டுகின்றது.

ஆதிச்சநல்லூர் தனித்ததொன்று அன்று. கீழடியை அடுத்த கொந்தகையில் 2020 முதல் நிகழ்ந்த அகழாய்வில் தாழிகளின் தொகுதி ஒன்று வெளிப்பட்டது. கீழடியில் வாழ்ந்தோரின் இடுகாடு அதுவென ஆய்வாளர் கருதுவர். தாமிரபரணிப் படுகையில் உள்ள சிவகளையில் மூடி சிதையாத தாழியொன்றில் நெல்மணிகள் கிடைத்தன. அவை கி.மு. 1155 அளவிலானவை என்று ஆய்வகம் கணித்த செய்தியை 2021-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. அவ்வூர்த் தாழிகளோடு கிடைத்த இரும்பின் காலம் அதற்கும் மிக முற்பட்டது என 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை கூறுகின்றது. அதைக் குறித்து அறிஞரிடையே விவாதம் எழுந்துள்ளது. கால எல்லை எதுவாயினும், தமிழ் நிலத்தில் மறுமையைக் குறித்த மிகப் பழைய சான்று ஏட்டில் இல்லை, மண்ணில் இருக்கின்றது என்பது தெளிவு.

நம் திருச்சபையின் வரலாற்றிலும் இத்தாழிகளுக்கு ஓர் இடமுண்டு. இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் ஐயர், தென்னிந்தியத் தாழிகளைக் குறித்து 1877-இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' என்னும் ஆய்விதழில் எழுதினார். அவற்றை மக்கள் 'மதமதக்கத் தாழி' என்று அழைத்தனர். பண்டைக்காலத்தில் முதியோர் சாவின்றி வாழ்ந்து, நாளாக நாளாகச் சுருங்கி, குழந்தையளவாகி விடுவர் என்றும், அவர்களை உணவோடும் நீரோடும் தாழிக்குள் வைத்துவிடுவர் என்றும் கிராமங்களில் ஒரு கதை வழங்குகின்றது. வரலாறாக அக்கதையை ஏற்க இயலாது. ஆயினும் அதில் ஒரு நுட்பம் உண்டு. தாழிக்குள் இருப்போர் இறந்தவர் என்று சொல்ல அக்கதைக்கு மனமில்லை.

2. இலக்கியத்தில் தாழி

சங்க இலக்கியம் தாழியை அறியும். புறநானூற்றின் 228-ஆம் பாடலில் புலவர் ஐயூர் முடவனார், சோழன் கிள்ளிவளவனின் மறைவின்போது தாழி வனையும் குயவரை நோக்கிப் பேசுகின்றார். அத்தகைய மன்னனை அடக்கும் அளவுக்குக் கலம் செய்ய அக்குயவரால் எங்ஙனம் கூடும் என்பது அவர்தம் ஏக்கம். 256-ஆம் பாடலில் பேசுபவள் கணவனை வழியிடையே இழந்த பெண். அவள் குயவரிடம் வேண்டுவது, தனக்கும் சேர்த்து இடமுள்ளதாகத் தாழியை அகலமாக வனையும்படியே. மணிமேகலையின் சக்கரவாளக்கோட்டம் உரைத்த காதையில், எரித்தல், வெளியில் இட்டுச் செல்லுதல், குழியில் புதைத்தல், தாழ்வான அறையில் அடைத்தல், தாழியால் கவித்தல் என ஐவகை முறைகளும் ஒரே ஊரில் வழங்கியமை கூறப்படுகின்றது. எரிப்பதே தமிழர் மரபு என்றோ, புதைப்பதே தமிழர் மரபு என்றோ ஒன்றை மட்டும் வற்புறுத்துவோர் இதைக் கருதுதல் நலம்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. இரு புறப்பாடல்களிலும் துக்கம் தெய்வத்தை நோக்கிப் பேசாமல் குயவரை நோக்கிப் பேசுகின்றது. இறந்தவன் எங்கே சென்றான் என்னும் கேள்வி அவற்றில் முதன்மை பெறவில்லை. அவனுக்குரிய மதிப்பை எவ்வாறு அளிப்பது, அவனைவிட்டு எவ்வாறு பிரிவது என்பனவே அவற்றின் துயரம். ஆகவே புதைபொருள் ஒவ்வொன்றையும் மறுமைக் கோட்பாட்டின் சான்றாக மட்டுமே கொள்வது பொருந்தாது. தாழியின் வடிவத்தைத் தாயின் கருப்பையாகவும், குந்திய உடலைக் கருவாகவும் விளக்குவோர் உண்டு. அழகிய விளக்கமே, ஆயினும் தாழி செய்தோர் அவ்வாறு எழுதி வைக்கவில்லை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நடுகல்லும் இத்தொடர்பில் எண்ணத்தக்கது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமி எழுத்துடைய நடுகற்கள் இவ்வகையில் மிகப் பழமையானவை. தாழி உடலைக் காத்தது. நடுகல் பெயரைக் காத்தது. இன்றைய கிறிஸ்தவக் கல்லறை இவ்விரண்டையும் ஒருங்கே செய்ய முயல்கின்றது எனலாம்.

3. எத்ருஸ்கரின் கல்லறைகள்

ஆதிச்சநல்லூரில் தாழிகள் புதைக்கப்பட்ட கி.மு. முதல் ஆயிரத்தாண்டிலேயே, இத்தாலியில் தைபர், ஆர்னோ ஆறுகளுக்கு இடைப்பட்ட நாட்டில் எத்ருஸ்கர் என்னும் மக்கள் வாழ்ந்தனர். அவர்களுக்கும் நம் முன்னோர்க்கும் வரலாற்றுத் தொடர்பு இருந்ததாக நாம் கூறவில்லை. ஒரே மனிதத் துயரத்திற்கு இரு நிலங்கள் அளித்த விடைகளை அருகருகே வைத்துப் பார்ப்பதே நம் கருத்து. எத்ருஸ்கரின் எழுத்தை வாசிக்க இயலும். மொழியோ முழுமையாக விளங்கவில்லை. அவர்களைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அவர்களின் கல்லறைகள் வழியே வந்ததாகும்.

தொடக்கக் காலத்தில் அவர்கள் உடலை எரித்துச் சாம்பலை மட்கலத்தில் இட்டனர். சில கலங்கள் குடிசை வடிவில் அமைந்தன. சிலவற்றின் மூடி போர்வீரனின் தலைக்கவசமாக இருந்தது. இறந்தவர்க்கு வீடு வேண்டும் என்னும் எண்ணம் பின்னர் விரிவடைந்தது. செர்வெத்தேரி நகரின் இடுகாட்டில், மென்பாறையைக் குடைந்து வீடு போன்ற அறைகள் அமைக்கப்பட்டன. கூரையின் உத்தரமும், கட்டிலும், நாற்காலியும் கல்லிலேயே செதுக்கப்பட்டன. ஒரு கல்லறையின் சுவரில் கத்தி, கயிறு, சமையற் கருவிகள் ஆகியவை புடைப்புருவமாக அமைந்துள்ளன. அந்த இடுகாட்டில் தெருக்களும் உண்டு. தார்க்குவீனியாவில் ஏறத்தாழ 6,000 கல்லறைகள் உள்ளன. அவற்றுள் 200 அளவிலானவற்றில் சுவரோவியங்கள் காணப்படுகின்றன. விருந்து, இசை, நடனம், மீன்பிடித்தல், பறவை வேட்டை ஆகியவை அவற்றின் பொருள். இவ்விரு இடுகாடுகளும் 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. ஆதிச்சநல்லூரில் சத்தியமூர்த்தியின் அகழாய்வு தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

1881-இல் செர்வெத்தேரியில் துண்டு துண்டாகக் கிடைத்து, பின்னர் ஒட்டவைக்கப்பட்டு இன்று ரோம் நகரின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் உள்ள சுடுமண் பேழை, கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்தது. அதன் மூடியின்மேல் கணவனும் மனைவியும் ஒரே விருந்துக் கட்டிலில் சாய்ந்திருக்கின்றனர். அவன் கை அவள் தோள்மேல் உள்ளது. இருவர் முகத்திலும் புன்னகை. புறநானூற்றுப் பெண் குயவரிடம் வேண்டியதை, அவள் பெயரையும் நாட்டையும் அறியாத ஒரு கலைஞர் மண்ணிலேயே வனைந்து வைத்திருக்கின்றார்.

ஆனால் எத்ருஸ்கக் கலை அப்புன்னகையோடு முடியவில்லை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டு தொடங்கி அவர்தம் கல்லறைச் சுவர்களில் வேறு உருவங்கள் மிகுகின்றன. சம்மட்டி ஏந்திய காருன், தீவட்டி ஏந்திய சிறகுடைய வந்து, பாம்புகளோடு கூடிய அச்சமூட்டும் உருவங்கள் ஆகியவை இறந்தோரின் வழியில் நிற்கின்றன. கி.மு. 396-இல் வேயி நகரம் ரோமரிடம் வீழ்ந்தது முதல் எத்ருஸ்க நகரங்கள் ஒவ்வொன்றாகத் தன்னுரிமை இழந்தமையே இம்மாற்றத்திற்குக் காரணம் என்பர் சிலர்; கிரேக்கக் கதைகளின் தாக்கம் என்பர் வேறு சிலர். வாழ்வு உறுதியாக இருந்தபோது மறுமை விருந்தாகத் தோன்றியது. வாழ்வு ஆட்டங்கண்டபோது மறுமையும் அச்சத்திற்குரியதாயிற்று. இவ்வாழ்வின் நிழலையே மறுமையின்மீது மனிதன் வீழ்த்துகின்றான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

4. திருமறையின் மறுமொழி

இஸ்ரவேல் மக்களும் இறந்தோரை அன்போடு அடக்கம் செய்தவர்களே. ஆபிரகாம் வாக்களிக்கப்பட்ட நாட்டில் தனக்கெனப் பெற்ற முதல் நிலம், சாராளின் கல்லறைக்காக 400 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கிய மக்பேலா நிலமாகும் (ஆதி. 23). யோசேப்பின் எலும்புகளை மோசே எகிப்திலிருந்து எடுத்துச் சென்றான் (யாத். 13:19). ஆயினும் இறந்தோர்க்கு உணவு படைக்கும் வழக்கத்திற்கு நியாயப்பிரமாணம் ஓர் எல்லை வகுத்தது. தசமபாகத்தைச் செலுத்துபவன், அதில் ஒன்றையும் இறந்தோர்க்குக் கொடுக்கவில்லை என்று அறிக்கையிட வேண்டும் (உபா. 26:14). அப்பங்கு லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் உரியது. பசித்த உயிரின் உணவை இறந்தவனிடம் கொண்டு செல்லலாகாது என்பதே இதன் உட்பொருள். தனக்கென உயரத்தில் கல்லறை வெட்டிய செப்னாவை ஏசாயா கடிந்துகொண்டதும் (ஏசா. 22:16) இதனோடு எண்ணத்தக்கது.

புதிய ஏற்பாட்டுக் காலத்து எருசலேமில், உடலைக் குகையில் கிடத்தி, ஏறத்தாழ ஓராண்டிற்குப் பின் எலும்புகளைச் சேர்த்துச் சுண்ணாம்புக்கல் பேழையில் இடும் வழக்கம் இருந்தது. காய்பா குடும்பத்தைச் சார்ந்தது எனக் கருதப்படும் அணிசெய்த பேழை 1990-இல் கிடைத்தது. எலும்புகளைப் பொறுக்கித் தாழியில் இட்ட நம் முன்னோரின் செய்கையோடு இது ஒத்திருத்தல் காண்க. நம் ஆண்டவரோ பிறருடைய கல்லறையில் வைக்கப்பட்டார். அவரைக் காட்டிக்கொடுத்த பணத்தைக் கொண்டு அந்நியரை அடக்கம் செய்வதற்காக வாங்கப்பட்ட நிலம் குயவனுடைய நிலம் என்று மத்தேயு கூறுவதும் (27:7) கருதற்குரியது.

அடக்கத்தில் பொருள் வைக்கும் வழக்கத்தை எண்ணும்போது, நற்செய்தி நூல்களில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு செய்தி முன்வருகின்றது. நிக்கொதேமு நூறு இராத்தல் அளவு வெள்ளைப்போளமும் கரியபோளமும் கொண்டுவந்தான் (யோவான் 19:39). அதிகாலையில் பெண்கள் நறுமணப் பொருள்களோடு கல்லறைக்கு வந்தனர் (லூக்கா 24:1). அவை ஒன்றுக்கும் தேவைப்படவில்லை. உயிரோடிருக்கிறவரை இறந்தோரிடத்தில் தேடுவதேன் என்று அவர்கள் கேட்கப்பட்டது உண்மையே. ஆனால் நறுமணப் பொருள்களைக் கொண்டுவந்ததற்காக எவரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. இறந்தவருக்கு ஏதேனும் செய்யவேண்டும் என்னும் அன்பினால் வந்தவர்களுக்கே உயிர்த்தெழுதலின் செய்தி முதன்முதல் அறிவிக்கப்பட்டது. வீட்டில் இருந்தவர்களுக்கு அது பின்னரே வந்து சேர்ந்தது.

ஆதித் திருச்சபையும் இதே வினாவை எதிர்கொண்டது. ரோம் நகரின் நிலவறைக் கல்லறைகளில் நல்ல மேய்ப்பன், யோனா, லாசருவின் எழுப்புதல் ஆகிய காட்சிகளைக் கிறிஸ்தவர்கள் தீட்டினர். கருவிகளையும் விருந்துக் கலங்களையும் விட்டு, மீட்பின் கதைகளை அவர்கள் சுவரில் வைத்தனர். ஆயினும் கல்லறையருகே உணவு உண்ணும் வழக்கம் உடனே நீங்கவில்லை. அகுஸ்தீனின் தாய் மோனிக்கா ஆப்பிரிக்க வழக்கப்படி மிலான் நகரில் இரத்தசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் திராட்சைமதுவும் கொண்டு சென்றபோது, வாயிற்காவலன் தடுத்தான். பேராயர் அம்புரோசு அதை விலக்கியிருந்தார். மோனிக்கா கீழ்ப்படிந்தார், அன்றுமுதல் கூடைக்குப் பதிலாக ஜெபத்தைக் கொண்டு சென்றார், உணவை ஏழைகளுக்கு அளித்தார். இதை அகுஸ்தீன் தம் அறிக்கைகள் நூலின் ஆறாம் பகுதியில் விவரிக்கின்றார். இங்கே விலக்கு மட்டும் இல்லை. விலக்கப்பட்ட அன்பு செல்வதற்கு வேறு வழியொன்றும் காட்டப்பட்டது. நம் குழியருகே விலக்கு இருந்தது, வழி இல்லை.

5. நம் கல்லறைத் தோட்டங்கள்

தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைக்கும் ஒரு புதைகலை உண்டு. 1798-இல் மறைந்த சுவார்ட்ஸ் ஐயருக்காகத் தஞ்சை மன்னர் சரபோஜி, ஆங்கிலச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்குச் சின்னம் செய்வித்தார். மரணப்படுக்கையில் உள்ள போதகரின் கையை மன்னர் பற்றியிருப்பதே அதன் காட்சி. கால்டுவெல் ஐயர் 1891-இல் மறைந்து, தாம் கட்டிய இடையன்குடி ஆலயத்திலேயே அடக்கம் பெற்றார். வட திருநெல்வேலியில் ஊர் ஊராகச் சென்று ஊழியம் செய்த ராக்லண்டு ஐயர் 1858-இல் சிவகாசியில் உயிர்நீத்தார். 1951-இல் டோனாவூரில் மறைந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் தம் கல்லறைக்குத் தலைக்கல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் அருந்தும் தொட்டியொன்றை அமைத்து, அதில் 'அம்மை' என்னும் ஒரு சொல்லைப் பொறித்தனர். கல்லறையில் வைத்த கலம் உயிருள்ளவற்றுக்கு நீர் தருவதாக அமைந்தது எவ்வளவு பொருத்தம்!

எளியோரின் கல்லறைகளில் சிலுவையும், தோற்றம் மறைவு நாள்களும், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்னும் தொடரும் காணப்படும். கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லும் உறங்குமிடம் என்றே பொருள்படும். ஆகவே அத்தொடர் வெறும் மங்கல வழக்கன்று. எழுப்புபவர் ஒருவர் உண்டு என்னும் அறிக்கையாகும்.

ஆயினும் நம் தோட்டங்களில் வேறொன்றும் எழுதப்பட்டுள்ளது. செர்வெத்தேரியின் இடுகாடு உயிருள்ளோர் நகரத்தின் படியாக அமைந்தது என்று கண்டோம். நம் சபைகள் சிலவற்றில், ஊரில் உள்ள தெருப்பிரிவினையே கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கொரு மூலையாகத் தொடர்கின்றது. சில இடங்களில் இடையே சுவரும் உண்டு. அடக்க ஆராதனையில் உயிர்த்தெழுதலை அறிக்கையிட்டு, அடக்கம் செய்யும் இடத்தில் அதை மறுக்கின்றோம். தூக்குவாளியை அஞ்ஞானம் என்று விலக்கிய நாம், இச்சுவரை என்ன பெயரிட்டு அழைக்கப்போகின்றோம்? இறந்தோர்க்குச் சோறு வைப்பதைவிட, இறந்த பின்பும் மனிதனைச் சாதியோடு புதைப்பதே திருமறைக்கு முற்றிலும் மாறான மறுமைக் கோட்பாடாகும்.

6. போதகர் கருதத்தக்கவை

மேற்கூறியவற்றால் பெறப்படும் சில முடிவுகளைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, இறந்தோருடன் வைக்கப்படும் பொருளின் நோக்கத்தைப் பகுத்தறிதல் வேண்டும். இறந்தவருக்கு அது தேவை என்னும் நம்பிக்கையால் வைப்பது ஒன்று. மதிப்பின் அடையாளமாக வைப்பது மற்றொன்று. செய்ய முடியாமற்போன கடைசிச் செய்கையைச் செய்து முடிக்கும் தவிப்பால் வைப்பது வேறொன்று. முதலாவதற்குப் போதனை வேண்டும். மூன்றாவதற்கு வேண்டியது பொறுமை. போதனை குழியருகே தொடங்குவதன்று; மாதக்கணக்கில் முன்னரே சபையில் நிகழவேண்டியது.

இரண்டாவது, உடல் முழுமையாகக் கிடைக்காத குடும்பங்கள் இப்பகுதியில் உண்டு. உடல் சிதைந்தால் உயிர்த்தெழுதல் உண்டோ என்று அவர்கள் வெளிப்படையாகக் கேட்பதில்லை, உள்ளத்தில் கேட்கின்றனர். சில எலும்புகளை மட்டுமே பெற்றிருந்தும் முழுத் தாழியையும் முழு மரியாதையையும் அளித்த மக்கள் இம்மண்ணில் வாழ்ந்தனர். பவுல் அப்போஸ்தலரோ விதைக்கப்படும் வெறும் மணியையும், தேவன் தம் சித்தத்தின்படி அதற்கு அளிக்கும் உடலையும் பற்றிப் பேசுகின்றார் (1 கொரி. 15:37, 38). சிவகளைத் தாழியில் இருந்த நெல் மூவாயிரம் ஆண்டுகளாக முளைக்கவில்லை. மணிக்குள் உள்ள வலிமையால் நாம் எழுவதில்லை. தேவன் உடலை அளிப்பதால் எழுகின்றோம். ஆகையால் மூடிய பெட்டியின் முன் நின்று இந்நற்செய்தியைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

மூன்றாவது, மோனிக்காவின் வழி நமக்கும் திறந்தே உள்ளது. நினைவுநாளில் இறந்தவர் பெயரால் பசித்தோர்க்கு உணவளித்தல், விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விக்கு உதவுதல் ஆகியவை நம் சபைகளில் முன்னரே அறியப்பட்டவை. அவற்றை அடக்க ஆராதனையோடு வெளிப்படையாக இணைத்துக் கூறுதல் நலம்.

நான்காவது, ஆலயத்திற்கு அடித்தளமோ கிணறோ தோண்டும்போது தாழி வெளிப்படுமாயின், அதை உடைத்தெறிவதோ மறைப்பதோ கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிப்பதைக் கடமையாக்குகின்றது. தொல்லியல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். சட்டத்திற்கு அப்பாலும், அது யாரோ ஒரு தாயின் பிள்ளையுடைய கல்லறை என்பதை மறக்கலாகாது. பெயரறியாத அம்மனிதரும் நம் ஆண்டவரின் கையில் உள்ளவரே.

அத்தூக்குவாளியைக் குறித்து இறுதியாக ஒரு சொல். இன்று அவ்வேளை மீண்டும் வருமாயின் நாம் என்ன செய்வோம் என்று மாணவர் சிலர் நம்மை வினவியதுண்டு. அத்தாயாரின் கையிலிருந்து அதை நாமே வாங்கிக்கொள்வோம். அவர் சொல்லி முடிக்கும் மட்டும் கேட்போம். மகள் இனிப் பசியடைவதில்லை என்று அவருக்கு மெல்லச் சொல்வோம். அச்சோற்றை அன்று குழி வெட்டியவர்களோடு அமர்ந்து அவர் முன்னிலையில் உண்போம். இதைக் கற்றுக்கொள்ள நமக்குப் பல ஆண்டுகள் சென்றன. இதை வாசிக்கும் இளம் போதகர்களுக்கு அவ்வளவு காலம் செல்லவேண்டியதில்லை.